அமெரிக்காவுக்கு ஒரு விளக்கக் கடிதம்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மனைவி பெயர் கேட்ட இடத்தில் என் பெயரையே எழுதிய மேதை நான். என்னையும் நம்பி, தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி மூலக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர். இங்கே மனைவி நோயில் படுத்ததும் வந்து, இரண்டு வருடம் தங்கிவிட்டார். மனைவி இறந்துவிட்டார். மகளும் பேரனும் அங்கே. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கியதால், திரும்பிப் போகப் புதிதாக விசா வேண்டும்; அதற்கு, தங்கியது தன் கையில் இல்லை என்று அவர் காட்டியாக வேண்டும்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கொடுத்த சீட்டுகளை, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"வேற வழியில்லாம மாட்டிக்கிட்டேன்னு போட்டுடறேன் சார். படிக்கிற அதிகாரியே அழுதுடுவாரு," என்றேன்.

"அப்படிப் போடாதீங்க."

"போடலன்னா பேரனைப் பாக்க முடியாது சார்."

"நானாதான் சார் அவகூட இருந்தேன்."