அரைத்து எடுத்த ஆணிகள்

"...ரெண்டு சின்ன ஆணி துருத்திட்டு எடஞ்சலா நின்னுச்சுங்க டாக்டரம்மா. அரைச்சு உட்டுட்டேன். இப்ப எந்த சிலிண்டரை வெச்சாலும் கும்முனு உக்காரும்."

சொன்னவர் சங்ககிரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமி. இடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் வாசல். கேட்டுக்கொண்டிருந்தது, சேலத்திலிருந்து வந்த மயக்க டாக்டரும் நானும்.

உள்ளே பச்சை கவுனில் படுத்திருந்தது என் மனைவி.

பித்தப்பையில் கல். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். எட்டேகாலுக்கு மயக்க டாக்டர் வெளியே வந்து, "மெஷின்ல யார் கை வெச்சது?" என்றார். கோபமாகக்கூட இல்லை... சாதாரணமாக. ஆஸ்பத்திரி மேனேஜர் போன் போட்டதும் பைக்கில் வந்து நின்றார் பழனிச்சாமி — கையில் கிரீஸோடு.

எங்கள் பக்கத்தில் போர் போடும் ரிக் வண்டிக்கு கப்ளிங் சேரவில்லையா? பழனிச்சாமி. கம்பெனியே கைவிட்ட பார்ட்ஸா? பழனிச்சாமி. "மாட்டாத சாமான்னு ஒண்ணு இல்லீங்க. அளவெடுக்கச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்" என்பார். அதைப் பத்து பேரிடமாவது சொல்லிச் சொல்லி ரசித்திருக்கிறேன்.

மயக்கம் கொடுக்கும் அந்த மெஷின் செகண்ட் ஹேண்ட். ஒரு பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர், மறுபக்கம் நைட்ரஸ் என்கிற மயக்க வாயு. அந்த மறுபக்கத்திலும் ஸ்பேராக ஆக்சிஜன் மாட்ட ஆசைப்பட்டு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிலிண்டர் உட்காரும் பிடியில் இருந்த ஆணி இடித்தது. அரைத்தார். அதோடு விட்டாரா? ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டுமே என்று, ஆக்சிஜன் பக்கத்து ஆணிகளையும் யாரும் கேட்காமலேயே அரைத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனசு.

டாக்டர் திட்டவில்லை. மெஷினை வராந்தாவுக்கு உருட்டி வரச் சொன்னார். நைட்ரஸ் இருக்கும் நீல சிலிண்டரை எடுத்து, ஆக்சிஜன் பக்கத்தில் வைத்தார். கும்மென்று உட்கார்ந்தது. திறந்தார். ஆக்சிஜன் மீட்டரில் முள் ஏறியது.

"மீட்டர் என்னண்ணா சொல்லுது?"

"ஆக்சிஜன் வருதுங்குது."

"வர்றது என்ன?"

பழனிச்சாமி நீல சிலிண்டரைப் பார்த்தார்.

"ஒவ்வொரு வாயுவுக்கும் ஆணி வேற வேற இடத்துல இருக்கும். தப்பான சிலிண்டர் மாட்டவே கூடாதுன்னுதான் அந்த ஆணி. இது பழைய மெஷின், உள்ள போறது எந்த வாயுன்னு தானா சொல்லாது. அவசரத்துல யாராவது மாத்தி வெச்சுட்டா, மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஆக்சிஜனே போகாது. சில நிமிஷம்தான்."

பழனிச்சாமியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் மூன்றாவது பின் பிளக் பாயின்டில் நுழையவில்லை என்று, அதை ஒடித்து எறிந்தவன் நான். ஷாக் அடிக்காமல் காப்பதற்கென்றே வைத்த பின். நமக்கு எது இடித்தாலும் அது எடஞ்சல்தான். ஏன் இடிக்கிறது என்று கேட்க நேரம் ஏது?

"அந்த ஆணிகளைத் திரும்ப வெல்டு வெச்சுக் குடுத்துருங்க பழனிச்சாமி. அரை மணி நேர வேலை. இன்னைக்கே ஆபரேஷனை முடிச்சுரலாம்" என்றார் மேனேஜர்.

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஏனுங்க, நடக்குமா நடக்காதா? இல்லீனா ஒரு காப்பியாச்சும் வாங்கிக் குடுங்க."

"காப்பி வாங்கிக் குடுங்க சார்" என்றார் டாக்டர்.

அதுதான் தீர்ப்பு. (ஆபரேஷன் அந்த வெள்ளிக்கிழமை சேலத்தில் நல்லபடியாக முடிந்தது.)

மேனேஜர் விடவில்லை. "வெல்டிங் இவருக்குக் கைவந்த வேலைங்க டாக்டர்."

"அந்த அளவு எனக்குத் தெரியாதுங்க" என்றார் பழனிச்சாமி. அவர் வாயால் அப்படிக் கேட்டது அன்றுதான். பிறகு டாக்டரிடம் மெதுவாக, "இதுக்கு முன்னாடி இதுல யாருக்காச்சும்...?"

"இல்லண்ணா. நீங்க அரைச்சதுக்கப்புறம் இன்னைக்குத்தான் முதல் கேஸ்."

பைக் பெட்டியிலிருந்து ஸ்பேனரையும் ஹேக்சாவையும் எடுத்து வந்தார். சிலிண்டர் உட்காரும் பிடிகள் இரண்டையும் மெஷினிலிருந்து கழற்றினார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, வராந்தாப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் நடுவே அறுத்து இரண்டாக்கினார்.