ஒரு வாய்த் தண்ணீர்

"அப்படியே பிடி. ஆட்டாதே."

மனைவி அச்சின் மேல்மூடியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் ஓரத்தில் மர ஆப்பைக் கொடுத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். பேருந்து இருக்கையின் முதுகுப் பலகை இளஞ்சூட்டோடு கழன்று வந்தது. முழுக்கத் தேன் நிறமாக இருந்திருக்க வேண்டும். நடுவில் நாலைந்து இடங்களில் தேமல் பிடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தான். ஓரங்களில் டங் டங் என்றது. வெளுத்த இடத்தில் பொத். மறுபடி தட்டினான். மறுபடியும் பொத்.

மணி எட்டரை. பதினொரு மணிக்குப் பேருந்துக் கம்பெனியின் இன்ஜினீயர் இந்தப் பலகையைச் சோதிக்க வருகிறார்.

பட்டறையில் அவனுக்கு விசில் என்றுதான் பெயர். நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை கிளம்பும். "மூணு விசில் வந்தாச்சு, குக்கரை இறக்குங்கடா" என்று சாப்பாட்டு நேரத்தில் யாராவது சொல்வார்கள். அவனும் சிரிப்பான். சிரித்தால் விசில் கூடும்.

பத்தொன்பது வயதில் கண்ணாடி இழைக் கூடத்தில் சேர்ந்தவன். இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசினை ஒற்றி, உருளையால் காற்றை ஓட்டுவதில் அவன் கை பேசும். அந்த ரெசினின் ஆவியை இருபத்திரண்டு வருஷம் உள்ளே இழுத்திருக்கிறான். போன வருஷம் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த ரூம்ல கால் வைக்காதீங்க. வச்சா எத்தனை வருஷம்னு என்னைக் கேக்காதீங்க" என்றார்.

வேறு வேலை அவனுக்குத் தெரியாது. அதைப் போய் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் காதைக் குடைந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பின்கொட்டகையைத் திறந்துவிட்டார். கண்ணாடிக்குப் பதில் கற்றாழை நார். ரெசினுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெயிலிருந்து செய்த பிசின். மூன்று மாதத்தில் நூறு கிலோ தாங்கும் ஒரு முதுகுப் பலகை. தாங்கினால் நாருக்குத் தனிப் பிரிவு, பொறுப்பு அவனுக்கு. தாங்காவிட்டால் பழைய கூடம்.

புதுப் பிசினில் வார்னிஷ் அடித்த கதவின் வாடை லேசாக வரும், அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் விசில் அடங்கியிருந்தது. "தூங்குறீங்களா போயிட்டீங்களான்னு ரெண்டு தடவை மூக்குல கை வச்சுப் பாத்தேன்" என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். கயிறு திரிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவள். கொட்டகையில் நார் சீவுவது அவள்தான்.

இப்போது அவன் நாணயத்தைப் பையில் போட்டான்.

"உள்ள தண்ணி இருந்திருக்கு. சூட்டுல ஆவியாகி ஊதியிருக்கு. நேத்து மத்தியானம் சூட்டுப் பெட்டியிலேருந்து எடுத்தப்ப நார் கலகலன்னு காஞ்சிருந்துச்சே."

அவள் மூடியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க."

"என்ன நீதான்?"

"தண்ணி ஊதுனேன். ஒரு வாய்தான். காஞ்ச நாரைச் சீவினா பஞ்சாப் பறக்குது. நீங்க வந்து குனிஞ்சு பாப்பீங்க, அப்புறம் நிக்காம இருமுவீங்க. எங்க வீட்டுல வாயில தண்ணி வச்சு ஊதாம நாரைத் தொட மாட்டோம். கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு."

"தண்ணியே படக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"வாளித் தண்ணியச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வாய்த் தண்ணி எம்மாத்திரம்?"

திட்ட வாயெடுத்தான். அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமும் அவள் ஊதிக்கொண்டுதான் இருந்திருப்பாள். எப்போதும் சீவிய பிறகுதான் நாரைக் காயவைப்பான். ஊதிய தண்ணீரும் அதோடு காய்ந்துவிடும். நேற்று அவசரத்தில், காயவைத்த நாரைச் சீவக் கொடுத்தவன் அவன்.

இன்னொரு பலகை போட ஒரு முழு நாள் வேண்டும். இரண்டரை மணி நேரம் இருந்தது.

"யார்கிட்டயும் வாயத் திறக்காதே. கேட்டா அழுத்தம் பத்தலைன்னு நான் சொல்லிக்கிறேன்."

எண்ணெய் தொட்ட துணியால் வெளுத்த இடங்களைத் துடைத்தான். மறைந்தன. எண்ணெய் காய்ந்ததும் மறுபடி தெரிந்தன. மறுபடி துடைத்தான்.

இன்ஜினீயர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அதிராமல் பேசுகிறவர். இரண்டு கட்டைகளுக்கு நடுவே பலகையைக் கிடத்தி, இருபது கிலோ மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்கச் சொன்னார். மேஸ்திரி எண்ணினார். இருபது. நாற்பது. அறுபது. மனைவி புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தாள். நாலாவது மூட்டையை வைத்துக் கையை எடுப்பதற்குள் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை.

"எண்பதுக்கே போயிருச்சு. காரணம் தெரியுமா?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

"அழுத்தம் பத்தல சார்."

இன்ஜினீயர் குனிந்து உடைந்த இடத்தை நகத்தால் நெருடினார்.

"அது மாதிரி தெரியலையே. சரி. அடுத்த வாரம் இன்னொண்ணு போடுங்க, பாத்துடலாம்." கோப்பைத் திறந்து அதை எழுதினார்.

அவன் மூச்சு விட்டான். மனைவி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவர் மேல தப்பில்ல சார். நான்தான் நாருக்கு வாயில தண்ணி வச்சு ஊதிட்டேன். அவர் பாவம், என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாரு."

"ஏன் தங்கச்சி, சீட் பண்ணச் சொன்னா துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கியா?" என்றார் மேஸ்திரி. மூட்டை தூக்கியவர்கள் சிரித்தார்கள். இன்ஜினீயர் சிரிக்கவில்லை.

"ஒரு வாய்த் தண்ணிக்கே இந்தக் கதின்னா, மழைக்காலத்துல ஜன்னலோர சீட் என்ன ஆகும்?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. பிசின் பிடிக்கும் முன்னால் படும் ஈரம்தான் எமன். பிடித்து இறுகிய பிறகு மழை ஒன்றும் செய்யாது. முந்தைய பலகையில் வெட்டிய துண்டு ஒன்று இருபது நாளாக மூலையில் வாளித் தண்ணீருக்குள் கிடக்கிறது.

"அது முன்னாடி பட்டாத்தான் சார். பிசின் புடிச்சப்புறம்..."

இருமல் வந்துவிட்டது. சொல் வெளியே வருவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது. ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியைக் காட்டினான். விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினான். மனைவி ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். அவன் தலையை ஆட்டினான். "குடிங்க, குடிங்க" என்றாள்.

இன்ஜினீயர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "முதல்ல உடம்பப் பாருங்க" என்று அவனிடம் சொன்னார். எழுதியதை அடித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

இருமல் நின்றபோது வாசலில் கார் இல்லை. அவன் மூலைக்குப் போய் வாளிக்குள் கையை விட்டுத் துண்டை எடுத்தான். சட்டையில் துடைத்துவிட்டு நாணயத்தால் தட்டினான். டங் என்றது. கொட்டகையில் மனைவி மட்டும் இருந்தாள்.

"இதையா காட்டுனீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. எட்டு மணிக்குக் கண்ணாடி இழைக் கூடத்தில் கையெழுத்துப் போட்டான். மேஸ்திரி புது முகமூடி ஒன்று கொடுத்தார். மாலைக்குள் பதினோரு முதுகுப் பலகைகள் போட்டான். எதிலும் காற்றுக் குமிழ் இல்லை. பின்கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கினார்கள். மீதி நாரை மனைவி தண்ணீர் ஊதிக் கயிறாகத் திரித்தாள். பலகைகளைக் கட்டி அனுப்ப அது போதுமானதாக இருந்தது. ஐந்தரைக்கு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் மூச்சு வாங்க, வழியில் மூன்று இடங்களில் நின்றார்கள்.