சுவர்மேல் ஒரு பிடி சோறு

எனக்கு நாய் பிடிக்காது. இதை எங்கள் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். என் தையல் மிஷினுக்கு அடியில் எப்போது குனிந்து பார்த்தாலும் ஒரு சாக்கு விரித்திருக்கும், அதில் ஏதாவது ஒரு குட்டி சுருண்டு கிடக்கும். அதெல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை. அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். காலையில் ஒயர் கூடையில் தூக்குவாளி வைத்துச் சோறு கொடுத்து அனுப்புவேன். சாயங்காலம் அதே கூடையில் நாய்க்குட்டியோடு வந்து நிற்பார். தூக்குவாளி எங்கே என்று கேட்டால், "ஆஸ்பத்திரியிலயே வச்சிட்டு வந்துட்டேன் புள்ள, கூடையில இடமில்ல" என்பார்.

வலைக்கயிறு கழுத்தில் இறுகியது, தூண்டில் முள் வாயில் மாட்டியது, டூரிஸ்ட் வேன் காலில் ஏறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். எல்லாம் சின்ன நாய்கள்தான். பெரிய நாய்கள் தாங்களாகப் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. கூடையில் அடங்காது என்பதுதான் உண்மையான காரணம் என்று நான் சொல்வேன். மருந்து போடுவதோடு அவர் வேலை முடிந்தது. உண்ணி பொறுக்குவது, புழு வைத்த புண்ணில் வேப்பெண்ணெய் விடுவது, பேதியைத் துடைப்பது, கடைசியில் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது.

நல்ல வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் ஊர் அக்காள்மடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் யூனிபார்ம் தைத்தது நான்தான். அளவெடுக்க இஞ்ச் டேப்பைக் கழுத்துக்குக் கொண்டுபோகும்போது சில பிள்ளைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை மூடும். கை ஓங்குகிற வீடு என்று தெரிந்துகொள்வேன். அந்த வீட்டுக்கு நாய் கிடையாது. தாடையை உயர்த்திக் கூச்சத்தில் சிரிக்கிற பிள்ளையாக இருந்தால், சட்டையோடு குட்டியையும் கொடுத்தனுப்பிவிடுவேன். ஒரே ஒருமுறை கணக்குத் தப்பிவிட்டது. அன்றைக்கு நானே போய் அந்தக் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம் என்றார்கள். தாராளமாகப் போங்கள் என்றேன். மூக்கின் மேல் கோபம் எனக்கு, இன்றும் குறையவில்லை.

கடல்மேல் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு எங்கள் ராமேஸ்வரம் தீவுக்குள் கார்கள் வர ஆரம்பித்தன. ரயிலில் வந்த காலத்தில் சாமி கும்பிட வருகிறவர்கள் வீட்டு நாயைக் கூட்டி வந்து நான் பார்த்ததில்லை. காரில் கூட்டி வந்தார்கள். திரும்பிப் போகும்போது சில கார்களில் நாய் இருக்காது.

அப்படித்தான் அந்த வெள்ளை பொமேரியன் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடையில் இருந்து இறக்கி வைத்தபோது அதற்கு நிற்கவே தெம்பில்லை. முடியெல்லாம் உப்புக்காற்றில் சிக்குப் பிடித்து, கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. கோயில் பக்கத்து லாட்ஜ் வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தாராம். திருச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு அம்மாவின் அஸ்தியைக் கரைக்க வந்து தங்கியிருந்தது. ரூமைக் காலி பண்ணிக்கொண்டு போகும்போது நாயை மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"அந்த அம்மா வளத்த நாய் போல" என்றார் என் வீட்டுக்காரர்.

செத்துப்போனவளின் சாம்பலையும் கரைத்துவிட்டு, அவள் வளர்த்த நாயையும் ஒரே நடையில் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுப்படியில் நின்று திட்டியதால் அவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஒன்றை அன்றைக்கே முடிவு செய்தேன். செத்துத் தொலையட்டும் என்று அவர்கள் விட்டுப்போனதை என் வீட்டில் சாக விடமாட்டேன்.

அது சாப்பிடவில்லை. முதல் நாள் மீன்குழம்பும் சோறும் வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. சைவக்காரர் வீட்டு நாயாக இருக்கும் என்று மறுநாள் பால் வைத்தேன், அடுத்து தயிர்சோறு பிசைந்து வைத்தேன். தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும். தட்டைப் பார்க்கும், பின்வாசலைப் பார்க்கும், மறுபடி தட்டைப் பார்க்கும். பிறகு போய்ச் சாக்கில் படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து ஊட்டினால் நாக்கால் வெளியே தள்ளிவிடும். நாலாம் நாள் என் வீட்டுக்காரர் குளுக்கோஸ் ஏற்றினார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்ல புள்ள. அது முடிவு பண்ணிருச்சு."

"அது முடிவு பண்ணா ஆச்சா? நான் இன்னும் பண்ணலையே" என்றேன். சொன்னேனே தவிர, எனக்குப் பயமாக இருந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாள் அமாவாசை. பக்கத்து வீட்டு அக்கா பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வாக்கப்பட்டு வந்தவர். மத்தியானம் சமையலை முடித்துவிட்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர்மேல் ஒரு பிடி சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். சாக்கில் செத்தது போலக் கிடந்த நாய் காதைத் தூக்கியது. எழுந்தது. கால் பின்னப் பின்ன நடந்து பின்வாசலைத் தாண்டிப் போய், சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஒரு காகம் வந்து சோற்றைக் கொத்தியதோ இல்லையோ, திரும்பி வந்து, காலையில் இருந்து காய்ந்து கிடந்த தயிர்சோற்றை முழுசாகத் தின்று தட்டையும் நக்கியது.

பசி தாங்காமல் தின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் மறுபடியும் தொடவில்லை. தட்டைப் பார்த்தது, பின்வாசலைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா தினமும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் இதற்கு வைத்திருக்கிறாள். காகம் தின்னாமல் சோற்றில் வாய் வைக்கக் கூடாது என்று பழகிய நாய் இது. சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் அதைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். காகத்துக்குச் சோறு வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கூப்பிடவும் தெரியாது. சுவர்மேல் சோற்றை வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "கா" என்றேன். உட்கார்ந்திருந்த ஒரு காகமும் பறந்து போய்விட்டது. நாய் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"ஏத்தா, காக்காவ வெரட்டுறியா, கூப்புடுறியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். "இழுத்துக் கூப்புடு. பிள்ளைய சாப்பிடக் கூப்புடுற மாதிரி கூப்புடு."

ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். காகங்களும் என் கட்டைக்குரலுக்குப் பழகிவிட்டன. நாய்க்கு மட்டும் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்தது. நான் கூப்பிட்டு, காகம் கொத்திய பிறகும், தட்டுக்கு முன் நின்று என் முகத்தைப் பார்க்கும். "ம், சாப்பிடு" என்று தலையாட்டினால்தான் வாய் வைக்கும். கோயிலில் பெண்கள் என்னைக் காக்காக்காரி என்றார்கள். சாமியாரிடம்கூட யாரோ சொல்லிவிட்டார்கள். நாய் சாப்பிட வேண்டுமே ஃபாதர் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அது தேறியது. முடி வெள்ளை வெளேரென்று வந்தது. மூன்று வீட்டில் இருந்து கேட்டார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகளுமே தாடையை உயர்த்திச் சிரிக்கிற பிள்ளைகள்தான். ஒரு வீட்டில் தகரக்கூரை, சூடு தாங்காது என்றேன். இன்னொரு வீட்டில் காகமே வராது என்றேன். மூன்றாவது வீட்டில் என்ன குறை சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, ஏதோ சொன்னேன்.

"நாய் பிடிக்காதவ பேசுற பேச்சா இது?" என்றார் என் வீட்டுக்காரர். மத்தியானம் அது என் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் காலையில் எழுந்து உலை வைத்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் வாசலில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஆறேழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை ஈரம் காயவில்லை.

"லாட்ஜ் வாட்ச்மேன்தான் வீட்டைச் சொன்னார்" என்றாள். "போன வருஷம் ஒரு வெள்ளை நாயை விட்டுட்டுப் போனது நாங்கதான். இன்னைக்கு எங்க அம்மாவுக்கு வருஷத் திதி."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்:

"அம்மா போனதுல இருந்து அது தண்ணியத் தவிர எதையும் தொடலைங்க. ஒன்பது நாள். டாக்டர்கிட்ட காட்டினோம், பிழைக்காதுன்னுட்டார். கண் முன்னால சாகறதைப் பாக்க முடியலை. ராமேஸ்வரத்துல உசுரு போனா அதுக்கும் நல்ல கதி கிடைக்கும்னு பெரியவங்க சொன்னாங்க. நான் தடுக்கலை. எத்தனை நாள் உசுரோட இருந்துச்சு? எங்க புதைச்சீங்கன்னு காட்டினா, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே போய்ச் சோற்றுப் பானையில் இருந்து ஒரு பிடி எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

"பின்னால வாங்க. உங்க அம்மா காக்காவ எப்படிக் கூப்புடுவாகளோ, அப்படிக் கூப்புடுங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "காலைல கரையில வெச்சதையே காக்கா சீண்டலைங்க" என்றாள்.

"அங்கன வாரது வயிறு நெறஞ்ச காக்கா. இங்கன கூப்புடுங்க."

சுவர்மேல் சோற்றை வைத்தாள். கூப்பிட்டாள். மெல்லிய, நீளமான குரல். கடைசியில் கொஞ்சம் மேலே போய் இறங்கியது. முருங்கை மரத்தடியில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. ஓடிவந்து சுவருக்குக் கீழே நின்றது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு காகம் இறங்கிக் கொத்தியது. நாய் திரும்பி, நான் பின்வாசலில் வைத்திருந்த தட்டுக்குப் போய் வாய் வைத்தது. அன்றைக்கு அது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். "இதுக்கா? இதுக்காகவா காத்துக்கிட்டு இருந்துச்சு? அம்மா போனப்புறம் நாங்க யாரும் காக்காவுக்கு வெக்கலைங்க. வீட்ல அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் தோணலையே" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா மாதிரியே கூப்பிட்டேனா?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கேளுங்க" என்று தட்டைக் காட்டினேன். தட்டில் ஒரு பருக்கை இல்லை.

அவள் நாயைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு வாயில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "உங்ககிட்டயே நல்லா இருக்குங்க" என்று எழுந்தாள். மகள் மட்டும் மண்ணில் உட்கார்ந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது அந்தப் பிள்ளையின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

என் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்தேன். டேப்பை அதன் கழுத்துக்குக் கொண்டுபோனேன். தோளைக் குறுக்கட்டும், கண்ணை மூடட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு அடி விழ வேண்டும் என்று வேண்டுவதற்குச் சமம் அது. தெரிந்தேதான் வேண்டினேன்.

பிள்ளை தாடையை உயர்த்திக்கொண்டு, கூச்சத்தில் சிரித்தது.

டேப்பைச் சுருட்டினேன். "காக்காவுக்கு வச்சிட்டுத்தான் இதுக்கு வைக்கணும். ஒரு நாள் மறந்தாலும் திருச்சிக்கு பஸ் ஏறி வந்துருவேன்" என்று அவளிடம் கடுகடுப்பாகச் சொன்னேன். "கூட்டிட்டுப் போங்க."