அவள் ஊதிய தலையணை

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பேய், பிசாசு என்று அலைகிற ஆள் இல்லை நான். மனுஷனையே நம்பாதவன் பேயை எங்கே நம்புவது? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மர அறுவை மில்லில் சேர்ந்தவன். எனக்குக் கதை ஜோடிக்கத் தெரியாது. பார்த்ததை, கேட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தலையணை விஷயம். மில்லில் ஒரு தடவை கட்டை உருண்டு பின்கழுத்தில் விழுந்தது. அன்றிலிருந்து தலைக்கு உயரம் சரியாக இல்லையென்றால் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன். வீட்டில் பரவாயில்லை. நானும் என் மனைவியும் அவள் தம்பியும் வருஷத்துக்கு நாலைந்து தடவை ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கி மீன் பிடிப்போம். அங்கேதான் சனியன் பிடித்தது. துண்டைச் சுருட்டி வைத்தால் தூக்கத்தில் அவிழ்ந்துவிடும். பஞ்சுத் தலையணை பனியில் ஊறி, நனைந்த நாய் மாதிரி நாறும். கடைக்காரன் ஒருத்தன், விமானத்தில் போகிறவர்கள் வைக்கிறது என்று சொல்லிக் கழுத்தைச் சுற்றி மாட்டுகிற ஒன்றை என் தலையில் கட்டினான். நுகத்தடி பூட்டின மாடு மாதிரி ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தேன். தலையணை விற்கிறவன் எவனும் அதில் படுத்துப் பார்த்தவன் இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

கடைசியில் ஒத்து வந்தது, காற்று ஊதுகிற ரப்பர் தலையணை. மேலே துணி உறை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முட்ட ஊதினால் தலை வழுக்கும். குறைத்து ஊதினால் காது தரையில் இடிக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் முதல் கணு வரை உள்ளே போக வேண்டும். என்னால் ஊத முடியாது. மரத்தூள் தின்ற நுரையீரல். என் மனைவிதான் ஊதுவாள், கன்னம் உப்பி, கண் பிதுங்க.

"இந்தாங்க, என் உசுரையே ஊதி வச்சிருக்கேன். குறட்டை விட்டீங்கன்னா உருவிடுவேன்" என்பாள்.

ஒரு நாளும் அளவு தப்பியது இல்லை.

ஏரிக்குக் கடைசியாகப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. காற்றை இறக்காமலே தலையணையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டில் அலமாரி மேல் கிடந்தது. அந்த வாரமே அவளுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். சோறு தண்ணி இல்லாமல் இருந்தேன். ஒரே ஒரு தடவை கக்கூசுக்குப் போனேன். திரும்பி வந்தால், நர்ஸ் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி மூச்சுக்கு நான் இல்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அலமாரி மேலே பார்த்தேன். எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். முதல் கணு. அவள் மூச்சு அப்படியே உள்ளே இருந்தது. அதற்கப்புறம் மூடியில் யாரையும் கை வைக்க விடவில்லை.

"அப்பா, அது வெறும் காத்துப்பா" என்றாள் மகள்.

"நீ விடுறதும் வெறும் காத்துதான். நிறுத்திப் பாரு" என்றேன்.

நாலு மாதம் அது இருந்தபடியே இருந்தது. ரப்பர் சாமான் பத்து நாளில் தொங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். இது தொங்கவில்லை.

ஒரு நாள் மச்சான் வந்தான். அவள் தம்பி. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எந்நேரமும் பெப்பர்மிண்ட் மிட்டாய்.

"கெளம்புங்க அத்தான், ஏரிக்குப் போவோம். இப்படியே உக்காந்திருந்தா பூஞ்சை புடிச்சிரும்."

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். "டிக்கெட் ரெண்டா அத்தான்?" என்றான். முறைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கும் அக்காதானே.

வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். தலையணையை ஸீட்டில் வைத்துவிட்டுக் கக்கூசுக்குப் போனேன். எனக்கு வயிறு சரியில்லை, நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போது வேனுக்கு வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான். முகம் சிவந்து கிடந்தது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினான்.

"என்னடா, யாரு தொரத்துனா?"

"டயர்ல காத்து பாத்தேன் அத்தான். குனிஞ்சு நிமிந்தாலே இப்பல்லாம் இப்படித்தான்."

தலையணையை நான் வைத்தபோது மூடி என் பக்கம் இருந்தது. இப்போது கதவுப் பக்கம் இருந்தது. எவனையும் நம்பாத நான், அன்றைக்குப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

ஏரிக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. கரையில் சேறு. வேனை மேட்டிலேயே நிறுத்திவிட்டோம். டென்ட் கீழே, தண்ணீர் ஓரமாக. கூப்பிடு தூரம்தான். மச்சான் எப்போதும் வேனுக்குள்தான் படுப்பான். அவன் குறட்டைக்கு மீன் கூட அக்கரைக்குப் போய்விடும். ரொட்டித் தட்டுகளை எடுத்துவிட்டால் பின்னால் ஆள் தாராளமாகப் படுக்கலாம். டிரைவர் ஸீட்டுக்கும் அதற்கும் நடுவே தகரத் தடுப்பு. ஒரே சங்கடம், பின்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. சும்மா விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், கொசு அள்ளும். அதனால் நாங்கள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலையில் திறந்துவிடுவோம். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம்.

"காலைல மறந்துறாதீங்க. ரொட்டின்னு எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

"உன்னை ஓசியில குடுத்தாலும் வாங்க மாட்டான். படு."

'டக்'கென்று தாழ்ப்பாளைப் போட்டேன். இறங்கி டென்டுக்கு வந்தேன்.

தலையணையில் தலை வைத்ததும் தெரிந்தது. உயரம் சரியில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். நகம் மட்டும்தான் உள்ளே போனது. நாலு மாதம் இறங்காதது ஆச்சரியம் என்றால், இது ஏறியிருந்தது.

இன்னொன்று... வாசனை. மூடிப் பக்கம் லேசாகப் பெப்பர்மிண்ட் வாடை. அவன் வேனில் வந்த சாமான், ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்து வலியோடு எப்போது தூங்கினேனோ தெரியாது.

முழிப்பு வந்தது. கடிகாரத்தில் முள் மின்னியது. இரண்டு பத்து.

ஏதோ சத்தம்.

தலையைத் தூக்கினேன். ஒன்றும் இல்லை. காற்று இல்லை. தவளை கூட இல்லை. ஏரி செத்துக் கிடந்தது.

தலையை வைத்தேன்.

ஹ்ஹா... ஹ்ஹா...

மூச்சு.

தூக்கினேன். இல்லை. வைத்தேன்.

ஹ்ஹா... ஹ்ஹா...

தலையணைக்குள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். என் காதுக்கு அந்தப் பக்கம், ஒரு துணி கனத்தில். மூடியைத் தடவினேன். இறுக்கமாக இருந்தது. என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் மூச்சு நின்றது. அது நிற்கவில்லை.

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் தெரியுமா? நாலு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வந்துட்டியா?" என்றேன்.

மூச்சு வேகமாயிற்று.

ஹ்ஹா ஹ்ஹா ஹ்ஹா...

பிறகு இன்னொரு சத்தம். டப்... டப்... உள்ளங்கையால் தகரத்தை அடிப்பது மாதிரி. ரொம்ப தூரத்தில். ஆனால் தலையணைக்குள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கக் கம்பி ஞாபகம் வந்தது. கடைசி நேரத்தில் கையால் அதைத் தட்டியிருப்பாளோ? என்னைத் தேடியிருப்பாளோ?

"இங்கதான் இருக்கேன்டி. எங்கயும் போகல."

டப் டப் டப்...

இரண்டு கையாலும் தலையணையைக் கட்டிக்கொண்டேன். காதை அழுத்தினேன். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நடுவில் நின்றது. மறுபடி வந்தது.

டப்...

ஹ்... ஹ்ஹா...

கஷ்டப்படுகிறாள். எனக்குத் தாங்கவில்லை. குழந்தையைத் தட்டுகிற மாதிரித் தட்டிக் கொடுத்தேன்.

"போதும். பயப்படாத. நான் பக்கத்துலதான் இருக்கேன். நீ போ. நிம்மதியாப் போ."

ஹ்...

நின்றது.

இரண்டு நாற்பது.

இந்தத் தடவை நான் கூட இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வழியனுப்பி வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அழுதேன். அப்படியே தூங்கியும் போனேன். அவள் போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. முழித்தபோது வெயில் டென்டைச் சுட்டது.

மேட்டுக்குப் போனேன். "ஏய் ரொட்டி, எந்திரி" என்று தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

கதவில் சாய்ந்திருந்தவன் என் காலடியில் சரிந்து விழுந்தான். உடம்பு குளிர்ந்து கிடந்தது.

போன் முன்பக்கம் சார்ஜில் இருந்தது. பின்கதவுச் சின்னக் கண்ணாடியில் ஆவி படிந்து, அதன்மேல் கை அச்சு. ஒன்றின்மேல் ஒன்றாக, நிறைய. உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

மாரடைப்பு என்றார் டாக்டர். இரண்டு மணிக்கு மேலே, மூன்றுக்கு முன்னே. "உடனே போயிடல. அரை மணி நேரமாவது போராடியிருக்கார். சத்தம் கேக்கலையா உங்களுக்கு?"

கேட்கவில்லை என்றேன். வெளியே கேட்கவில்லை. அது உண்மை.

வீட்டுக்கு வந்தும் அந்த மூச்சுச் சத்தத்தைப் பற்றி மகளிடம் சொல்லவில்லை. தலையணையை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். அவளாவது நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாளே என்று அதைத் தடவிக்கொண்டு கிடப்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள் மகள். ஒரு நாள் சாயங்காலம் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அதை வச்சுட்டு அழாதீங்கப்பா. அதுல அம்மா இல்ல."

"உனக்கென்ன தெரியும்?"

"அன்னைக்குப் பெட்ரோல் பங்க்ல இருந்து மாமா போன் பண்ணுச்சு. சாமானை நகத்தும்போது மூடி புடுங்கிக்கிட்டு, காத்து பூரா போயிருச்சாம். 'அத்தான் வந்தா என்னைக் கொன்னுடுவாரு, என்ன செய்ய'ன்னு அழுதுச்சு. நான்தான்... 'நீங்களே ஊதி வச்சிருங்க மாமா, அப்பாவுக்குத் தெரிய வேணாம்'னு சொன்னேன். ஊதி முடிச்சிட்டு மறுபடி போன் பண்ணுச்சு."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, என் மனைவி ரெண்டாவது தடவையும் நான் கக்கூசில் இருக்கும்போதுதான் போயிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி நான் தட்டிக் கொடுத்து, "போ" என்று சொன்னது...

தலையணை இப்போதும் அலமாரி மேல் இருக்கிறது. நான் தரையில் வெறும் தலையோடு படுக்கிறேன். மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. காது வைத்துக் கேட்கவும் இல்லை. கட்டைவிரலால் மட்டும் எப்போதாவது அழுத்திப் பார்ப்பேன்.

இன்னும் நகம்தான் உள்ளே போகிறது.