பாஸ்டரின் மூன்று மணித் தூக்கம்

வெளிநாட்டில் படிக்க வந்த எங்கள் அறையில் நாலு பேர். அதில் மூன்று பேருக்குப் பரீட்சைக்கு முதல் நாள்தான் கடவுள் ஞாபகத்துக்கு வருவார். நாலாமவன் தினமும் ஜெபம் செய்கிறவன். அதனால் 'பாஸ்டர்' என்று பெயர் வைத்தோம். கேலிக்கு வைத்தது, கடைசியில் வகுப்பு முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

பாஸ்டருக்கு விடியற்காலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை நாலாக மடித்து, பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். அங்கிருந்து நேரே வகுப்பு. இரண்டரைக்கு அறைக்கு வருவான். நாலு மணிக்கு மறுபடி லேப். நடுவில் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, பிறகு மூன்று மணி ஜெபம். ஊரில் அவன் வீட்டில் அப்போது ராத்திரி எட்டரை.

அவன் அப்பா பஸ் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து சில்லறை தேடுவானாம். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "குடும்ப ஜெபத்துல உன் முறை தப்பக் கூடாது. தப்புச்சுன்னா, படிச்சது போதும்னு கிளம்பி வந்துடு." சொன்னால் சொன்னதுதான், மனிதர் அப்படி.

வீட்டு வழக்கம் இது: முதலில் பாட்டு, பிறகு தங்கை, அடுத்து இவன், அம்மா, கடைசியில் அப்பா. இவன் வீட்டுக்குப் போன் போட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்காருவான். சலவை வேலை கிடைத்த நாளிலிருந்து பாட்டு முடிவதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எல்லோரும் 'ஆமென்' சொல்கிறபோது தூக்கிவாரிப்போட்டு எழுந்து, தானும் ஒரு ஆமென் போடுவான். "சிக்னல் சரியில்லப்பா, என் முறை வந்ததே கேக்கலை" என்பான். அப்பா "சரிப்பா" என்பார்.

"முன்னெல்லாம் பத்து நிமிஷத்துல முடியும்டா" என்று என்னிடம் புலம்புவான். "இப்ப முக்கால் மணி நேரம் இழுக்குறார். வயசாக ஆக பக்தி முத்திடுச்சு."

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னான். "நாலு மாசமா தினமும் ஆண்டவர் முன்னாடி பொய் சொல்றேன். இதுக்கு ஜெபமே பண்ணாம இருக்கலாம். இன்னைக்கு அப்பாகிட்ட சொல்லிடப் போறேன்."

"சொன்னா ஊருக்குக் கூப்பிட்டுடுவார்டா. படிப்பு?"

"கூப்பிடட்டும். ஆனது ஆகட்டும்."

அன்று ஒயரைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டான். தங்கை முடித்ததும் அவனை எழுப்ப வேண்டியது என் வேலை. வழக்கம்போல் பாட்டிலேயே சாய்ந்துவிட்டான். தங்கை முடித்தாள். அவன் தோளைத் தொடக் கை நீட்டினேன்.

"தூங்கிட்டானா?" என்றது போனில் ஒரு குரல். அவ்வளவு சன்னமான குரல் அந்தக் கண்டக்டருடையது என்று நம்பவே முடியவில்லை.

"தூங்கிட்டான். மூச்சு கேக்குது" என்றார் அம்மா. அவருடைய ஜெபம் இரண்டே வரி. பிறகு அப்பா கிசுகிசுப்பாக ஆரம்பித்தார். "ஆண்டவரே, மார்க்கெட் ஸ்டாப்புல கூடையோட ஏறுற அம்மாவை ஆசீர்வதியும். மில் ஸ்டாப்புல ஏறுற புள்ளைங்களை ஆசீர்வதியும். ரயில்வே கேட்டுல..."

நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று போனது. ஒருவரையும் விடவில்லை.

"எவ்வளவு நேரங்க? ஆமென் சொல்லுங்க" என்றார் அம்மா.

"இரு. அவன் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. எனக்கும் நாலு ஸ்டாப்பு இருக்கு."

எனக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த நாலு ஸ்டாப்பும் முடிகிற வரை நான் இருமக்கூட இல்லை.

ஆமென் கேட்டு விழித்தவன், "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"நாளைக்குச் சொல்லுப்பா, லேப்புக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

ஏன் எழுப்பவில்லை என்று என்மேல் பாய்ந்தான். கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு காலில் ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதான். லேப்புக்குக் கால் மணி நேரம் தாமதமாகத்தான் போனான்.

மறுநாள் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டான். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, "அப்பா, சிக்னலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... ரொம்ப அசதியா இருக்குப்பா. கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்றான்.



"படுத்துக்கோப்பா" என்றார் கண்டக்டர். "உன் இடம் வந்ததும் எழுப்பி விடுறேன்."