கடலுக்கு ஒரு சந்தன மாலை

போன வியாழக்கிழமை என் மனைவி காலமான செய்தியைத் தேரடித் தெருவில் ஒரு ஃப்ரேம் கடையில் படித்தேன். பக்கத்தில் நின்று அவளும் படித்தாள்!

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி சுமதி ஒரு வருடமாக கேன்சர் சிகிச்சையில் இருந்தது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். 'இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்' என்று டாக்டர் சொன்ன மறுநாளே, மரக்காணம் பக்கம் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டோம். கூட வந்த ஓவிய நண்பர் அன்று பார்த்ததை வரைந்தார். படம் முழுக்க வானமும் கடலும்தான். ஓரத்தில் விரல் உயரத்துக்கு, முதுகைக் காட்டியபடி ஊதாப் புடவையில் சுமதி. ஒரிஜினல் கண்காட்சிக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கெட்டியான காட்டன் பேப்பரில் ஒரு பிரிண்ட் கொடுத்தார். நுரையைத் தொட்டால் விரல் ஈரமாகிவிடுமோ என்று தோன்றும்... அப்படி ஒரு பிரிண்ட்.

அதைத்தான் ஃப்ரேம் போடக் கொண்டுபோனேன். கடை முழுக்க அண்ணாமலையார், மலை, தீபம் படங்கள்.

"யாருங்க சார் இது?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டம்மா. ஒரு வருஷமா ஒடம்பு முடியல. அதுக்கப்புறம்..."

"போதும் சார், சொல்லாதீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொகம் தெரியற மாதிரி வேற போட்டோ இல்லீங்களா?"

"இதுதாங்க எனக்குப் புடிச்சது."

"சரிங்க. பேரும் தேதியும் எழுதிக் குடுங்க. கீழ போட்டுடலாம்."

அட, ஆர்ட் கேலரி மாதிரி செய்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. பெயரை எழுதி, கடற்கரைக்குப் போன தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை இருவருமாக வாங்கப் போனோம். சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தார். கடல்மேல் சந்தன மாலை. உச்சியில் சிவப்பு பல்பு. கீழே தங்க எழுத்தில் — 'திருமதி சுமதி. இறைவனடி சேர்ந்த நாள்...'

எந்த வரியை நினைத்து ஒரு வருடமாகச் செத்துச் செத்துப் பிழைத்தேனோ, அதை ஒருவர் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்! கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. சுமதி பக்கம் திரும்பவே தைரியம் இல்லை.

அவள் குனிந்து நிதானமாகப் படித்தாள்.

"நான்தாங்க சுமதி" என்றாள்.

கடைக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, மன்னிச்சுடுங்கம்மா... சாமியும் போய்ச் சேந்தவங்களும்தாம்மா இங்க ஃப்ரேமுக்கு வருவாங்க."

அவரைச் சொல்லி என்ன? உயிரோடு இருக்கிற மனுஷியை, அதுவும் கட்டிய மனைவியை, நம்மில் யார் இத்தனை ஆசையாகச் சுவரில் மாட்டுகிறோம்? நானே மாட்டுவதற்கு, அவளுக்கு ஒரு கேன்சர் வந்துபோக வேண்டியிருந்தது.

"மாலையையும் எழுத்தையும் எடுத்துடுங்க" என்றாள் சுமதி. "பல்பு இருக்கட்டும். நல்லாத்தான் இருக்குது."

கடை வாசலிலேயே நான் அழுதுவிட்டேன்.

நீங்களும் உங்கள் வீட்டில் மாட்டுங்கள். ஆள் இருக்கும்போதே மாட்டுங்கள். ஃப்ரேம் கடைக்கு மட்டும்... அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள்!