முதுகு காட்டி உட்கார்ந்த ஜாகா

அறுபத்தொன்பதாம் ஆண்டு அவசரகாலத்தில், மாலை ஊரடங்குக்கு முன், குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்ட மண்டபத்தில் பிள்ளைகள் வாராவாரம் ஜப்பான் தொடர் பார்ப்பார்கள். முகமூடி வீரன் பறந்து வந்து, சின்னப் பையனைப் பிடித்துவைத்த பூதங்களை உதைப்பான். தொலைக்காட்சியைப் போட்டுவிடும் ஜாகா, நரைமீசைக் காவல்காரர், அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

பிள்ளைகளோடு பார்க்கப் போன எனக்கு எரிச்சல் வந்தது. “திரும்பிப் பாருங்கலா அண்ணே, கடிச்சிடவா போகுது?”

“சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் என் தம்பிய சயாம் ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனான். தம்பி திரும்பி வரவே இல்ல. அவனுங்க மூஞ்சிய நான் பாக்கணுமா?”

“மூஞ்சிதான் மூடியிருக்கே!”

“மூடினா?”

“அப்ப ஏன் போட்டுவிடுறீங்க?”

“பிள்ளைங்க கேக்குதுங்களே.”

தொடர் முடியும்போது, திரும்பாமலேயே பிள்ளைகளைக் கேட்டார்: “அந்தப் பையனக் காப்பாத்திட்டானா?”

“காப்பாத்திட்டான் தாத்தா!”

அந்தப் பதிலைக் கேட்காமல் அவர் ஒரு வாரமும் பெட்டியை அணைத்ததில்லை.